ஒரு நிமிஷம்கூடத் தவறாத பெண்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்தோம். குவார்ட்டர்ஸில் இரண்டு அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போ, மூடினாலும் அதே சத்தம். அட்டைப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. பொடிசின் அம்மா ஒரு கரண்டியைத் தேடி நாலு பெட்டியைக் கவிழ்த்துவிட்டு இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை.

பெற்ற பெண்ணை, பொடிசை, உன்னிடம் விட்டுவிட்டு வந்தது எனக்கு இன்னும் என்னவோ போலத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் பார்த்து மாற்றல் உத்தரவு போடுகிறார்கள். நடுவில் பள்ளியை மாற்றினால் அவள் படிப்பு என்ன ஆகும் என்று யோசிக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா. பத்து மாசம், அக்கா. அதற்குப் பிறகு உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

உனக்குப் பல்செட் செய்யத் தெரியும், பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணைப் பார்த்துக்கொண்டு பழக்கமில்லை. அதனால் இதோடு ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக பஸ்களுக்கு நேரம் போடுகிறவன் நான். நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் என் தாளைப் பார்த்துத்தான் கிளம்புகின்றன. ஒரு பெண்ணுக்குப் போட முடியாதா? இடது பக்கம் நான் குறித்த நேரம். வலது பக்கம் காலியாக இருக்கும். டிரைவர்கள் டிரிப் ஷீட் எழுதுவதுபோல, உண்மையில் எத்தனை மணிக்குத் தொடங்கினாள், முடித்தாள் என்று அவள் அதில் எழுத வேண்டும். நீ கீழே கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமைதோறும் நம் டிப்போ வண்டியில் கொடுத்துவிடு.

போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். உன் போன் பிளாஸ்டர் வாளியில் விழுந்து கல்லாகிப்போன கதை எனக்குத் தெரியும். தவிர, போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குச் சண்டை வந்துவிடும். கடிதத்தில் சண்டை போட இரண்டு நாள் ஆகிறது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மட்டும் பொடிசின் போனில் பேசுவேன், அதையும் அட்டவணையில் போட்டிருக்கிறேன்.

இரண்டு விஷயம் கண்டிப்பு. இந்த ஒரு வருஷம் நீச்சல் கிடையாது. அரையாண்டில் இயற்பியலில் எழுபதுக்குக் குறைந்தால் அவளை இங்கே அழைத்துக்கொள்வேன். இங்கே ஒரு டுடோரியலில் பேசி வைத்திருக்கிறேன். அங்கே பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும். அவளிடமும் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினாள்.

உன் தம்பி


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் அட்டவணை வந்தது. பல் தேய்க்க மூன்று நிமிஷம் என்று போட்டிருக்கிறாய். பல்லை வைத்தே பிழைக்கிறவள் வீட்டுக்கு இதை அனுப்ப உனக்குத்தான் தைரியம் வரும். குளியலறைக்கு ஒன்பது நிமிஷம் கொடுத்திருக்கிறாய். உன் சின்ன வயசில் நீ அதற்குள் போய் அரைமணி நேரம் பாட்டுப் பாடுவாய், நான் வெளியே பக்கெட்டோடு நிற்பேன். அதையெல்லாம் பொடிசிடம் இன்னும் சொல்லவில்லை. கையில் வைத்திருக்கிறேன்.

பொடிசு என்று பெயர் வைத்தாயே, வந்து பார். என்னைவிட நாலு விரல் உயரம். பரணிலிருந்து சாமான் எடுக்க இனி எனக்கு ஸ்டூல் வேண்டாம்.

முன்னறைதான் என் பட்டறை என்று உனக்குத் தெரியும். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று அவள் மேஜையையும் அங்கேயே போட்டுவிட்டேன். ஒரு பக்கம் நான் மெழுகு உருக்கிப் பல் பதிக்கிறேன், மறு பக்கம் அவள் இயற்பியல் படிக்கிறாள். இரண்டாம் நாள் பார்த்தால், அலமாரியில் இருந்த பல்செட் மாதிரிகளெல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றன. "ஏன்டீ இப்படித் திருப்பி வச்சிருக்கே?" என்று கேட்டேன். "நான் கணக்கு போடும்போதெல்லாம் இதுங்க சிரிக்குது அத்தை," என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும், இவ்வளவு சுத்தமான பெண்ணை நான் பார்த்ததில்லை. நான் எழுந்திருப்பதற்குள் தலைக்குக் குளித்துவிடுகிறாள். ஏழு மணிக்குக் கொடியில் துண்டு சொட்டச் சொட்டத் தொங்குகிறது.

முதல் வார ஷீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் பார்க்கவில்லை. எண்களைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வார ஷீட்டும் என் மேஜை மேல் இருக்கின்றன. ஒரு நிமிஷம்கூடத் தவறவில்லை. 5.40 உயிரியல் என்றால் 5.40. 7.10 இயற்பியல் என்றால் 7.10. என் டிரைவர்களை வரிசையாக நிற்க வைத்து, "பாருங்கய்யா, பதினேழு வயசுப் பொண்ணு," என்று காட்டினேன். அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். அவருக்குப் பொறாமை.

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. புதுப் பாலம் திறக்கிறார்கள், முப்பது தடங்களுக்கு நேரம் மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸில்தான் கிடக்கிறேன். பொடிசு தானாகவே ஓடுகிற வண்டி, அந்தக் கவலை ஒன்று எனக்கு இல்லை. அவள் அம்மா அட்டவணைக்கு வெளியே தினமும் அவளுடன் பேசிவிடுகிறாள், அது வேறு கதை.

உன் தம்பி


செப்டம்பர் 6

தம்பி,

நீ பூரித்துப்போயிருப்பதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நேற்று சாயங்காலம் டாக்டரிடம் இரண்டு செட் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பெண் மேஜை மேல் கவிழ்ந்து தூங்குகிறாள். தலைக்கு அடியில் நான் காய வைத்திருந்த ஒரு பிளாஸ்டர் அச்சு. எழுப்பினேன். கன்னத்தில் அச்சு அசலாக நாலு கடைவாய்ப் பல். யாரோ பெரிய மனிதர் கடித்துவிட்டதுபோல இருந்தது. இரண்டு பேரும் கண்ணாடி முன் நின்று சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் கண் கலங்கியிருந்தது. "ஒண்ணுமில்லை அத்தை, கொட்டாவி," என்றாள்.

உன் அட்டவணையை முதல்முறையாக உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். காலை ஐந்தரையிலிருந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகிறது. இந்தப் பெண் எப்போது சும்மா இருப்பாள்?

அக்கா


செப்டம்பர் 10

அக்கா,

ஞாயிறு 4.00 முதல் 4.30 வரை சும்மா இருக்கத்தான் போட்டிருக்கிறேன். இரண்டாம் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி. அதிலும் அவள் நேரம் தவறுவதில்லை.

உன் தம்பி


அக்டோபர் 12

தம்பி,

நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி.

வியாழக்கிழமை ஒரு பஸ் டிரைவர் வந்தார். முன்பல் நாலு போய்விட்டது, அளவு பார்க்க வந்தவர். வாயில் மெழுகை வைத்து, "அசையாம கடிச்சுக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். அவர் கண் சுவரில் அவள் ஒட்டியிருந்த இந்த வார ஷீட்டுக்குப் போனது. பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் பயந்துபோய் மெழுகை வெளியே எடுத்தேன். சிரிக்கிறார்.

"அம்மா, இது எந்த ரூட்டு?"

"என் தம்பி பொண்ணோட படிப்பு ரூட்டு. ஏன்?"

"எல்லா டிரிப்பும் கரெக்ட் டைமுக்குப் போயிருக்கே. சிக்னல் கிடையாதா, மழை கிடையாதா? இந்த மாதிரி ஷீட்டு வந்தா வண்டியே ஓடலேன்னு அர்த்தம்மா. ஓட முடியாத டைம் போட்டுக் குடுப்பாங்க. நாங்களும் மொத்தமா உட்கார்ந்து அவங்க கேட்ட டைமையே எழுதிக் குடுத்துடுவோம்."

மறுநாள் அலாரம் வைத்து 5.40க்கு முன்னறைக்குப் போனேன். விளக்கு எரிகிறது. உயிரியல் புத்தகம் விரித்தபடி கிடக்கிறது. நாற்காலி காலி. வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். 6.45க்கு ஈரத் தலையும் தோளில் பையுமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் தெரு முனையிலேயே நின்றுவிட்டாள்.

நீச்சல் குளத்துக்குப் போயிருக்கிறாள். ஜூனிலிருந்து. என் கொடியில் சொட்டிய துண்டைப் பார்த்துச் சுத்தமான பெண் என்று உனக்குச் சான்றிதழ் எழுதியவள் நான். என்னை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை, நானே செய்துகொண்டேன்.

"ரிலேக்கு நாலு பேர் வேணும் அத்தை. நான் போகலேன்னா மூணு பேர்தான். அவங்க என்ன பண்ணுவாங்க? லேட்டுன்னு எழுதினா அப்பா என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாரு. அதான் தினமும் ராத்திரி மொத்தமா உட்கார்ந்து எழுதிடுவேன்."

அப்புறம் சொன்னாள், நீச்சல்கூடப் பரவாயில்லையாம். இயற்பியல் ஒரு பக்கத்தைத் தாண்டி மனசில் ஏறவில்லையாம். அதைச் சொல்ல ஷீட்டில் இடமில்லையாம்.

இருபத்திரண்டு வருஷமாக டிரைவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கிறவன், சொந்த மகள் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டாய். கீழே கையெழுத்துப் போட்டவள் நான், அதனால் பாதி என் தப்பு. அவளைத் திட்டாதே.

அக்கா


அக்டோபர் 17

அக்கா,

சனிக்கிழமை டிப்போ வண்டியில் அவளை ஏற்றி அனுப்பு. டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரே வீட்டில், ஒரே அறையில் இருந்துகொண்டு நாலு மாசம் தெரியவில்லை என்கிறாய். ஈரத் துண்டைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லை. பெற்று வளர்த்தவளாக இருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை.

தம்பி


அக்டோபர் 20

தம்பி,

கடிதம் கிடைத்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். வலித்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை, நீயும் மறக்க வேண்டாம்.

நேற்று டிப்போ வண்டி காலியாக வந்திருக்கும். காரணம் இந்த உறைக்குள் இருக்கிறது. போன ஞாயிறு அவளிடம், "பொய் இல்லாம ஒரே ஒரு நாள் எழுது, யாரும் திட்ட மாட்டாங்க," என்று சொன்னேன். அவள் எழுதியதை இங்கே நானே பார்த்து எழுதுகிறேன், அசல் என்னிடம் இருக்கட்டும்.

5.40 உயிரியல்: நீச்சல் குளம்.

7.10 இயற்பியல்: 7.25க்குத் தொடங்கினேன். 7.31க்கு நிறுத்தினேன். புரியவில்லை. 7.50 வரை அலமாரியில் பல் எண்ணினேன். மொத்தம் முந்நூற்று எட்டு.

4.45 வேதியியல்: தூங்கிவிட்டேன். 5.30க்கு அத்தை போர்வை போட்டது தெரியும். எழுந்திருக்கவில்லை.

5.30 வேதியியல் தொடர்ச்சி: அழுதேன், பன்னிரண்டு நிமிஷம். இதற்கு அட்டவணையில் இடமில்லை. அதனால் வேதியியலிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

6.00 அப்பா போன்: வரவில்லை. 6.40 வரை மேஜையிலேயே உட்கார்ந்திருந்தேன். போன வாரமும் வரவில்லை.

இவ்வளவுதான். இதைப் படித்த பிறகும் அனுப்பு என்றால் அனுப்புகிறேன். நானே கூட்டிக்கொண்டு வந்து உன் வாசலில் விடுகிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் இருக்கும் பழைய ஷீட்டுகளை எடுத்து, ஞாயிறு ஆறு மணி வரியை மட்டும் பார்.

அக்கா


அக்டோபர் 25

அக்கா,

பார்த்தேன்.

பதினெட்டு ஷீட். பதினெட்டிலும் 'அப்பா போன், 6.00 முதல் 6.10 வரை, பேசினோம்' என்று எழுதியிருக்கிறாள். நான் பேசியது ஆறு ஞாயிறுதான். மற்ற பன்னிரண்டும் எனக்குத் தெரியாத பேச்சு. நீச்சல் குளம் எனக்குத் தெரியாமல் போகலாம். நான் போன் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியாதா? அந்த வரியைப் பார்த்து, சரி என்று பென்சிலால் டிக் போட்டிருக்கிறேன், அக்கா. என் கையால். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அவள் பொய் எழுதியிருக்கிறாள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு இருமிக்கொண்டு வெளியே போன டிரைவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க," என்றார்.

ஒவ்வொரு வண்டிக்கும் கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிஷம் சும்மா நிற்க நேரம் கொடுப்போம். வழியில் தாமதமானால் அடுத்த நடையைப் பாதிக்காமல் அங்கேயே தீர்ந்துவிடும். வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. நூற்றுப் பன்னிரண்டு வண்டிக்குக் கொடுத்தேன், பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கவில்லை.

அவள் அங்கேயே இருக்கட்டும். குளத்துக்குப் போகட்டும். அவள் அம்மாவுக்கு நீச்சல் விஷயம் ஜூலையிலேயே தெரியுமாம். இந்தக் குடும்பத்தில் அட்டவணையை நம்பியவன் நான் ஒருவன்தான். இதோடு வெறும் கட்டம் போட்ட தாள் வைத்திருக்கிறேன். இடது பக்கத்தையும் அவளே எழுதிக்கொள்ளட்டும். ஞாயிறு ஆறு மணி வரியை மட்டும் நான் நிரப்பியிருக்கிறேன், அது எனக்கு.

நீ போர்வை போட்டதை அவள் எழுதியிருக்கிறாள். நான் உன்னைப் பற்றி எழுதிய வரிக்குக் காகிதத்தில் மன்னிப்புக் கேட்டால் போதாது. நேரில் வரும்போது என் காதைத் திருகிவிடு.

உன் தம்பி


டிசம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

வந்து காதைக் கொடுத்துவிட்டுப் போனாய், நன்றி. இன்னொரு காது பாக்கி இருக்கிறது.

செய்தி இரண்டு. ரிலேயில் இரண்டாம் இடம். கடைசியாக நீந்தியது இவள்தான். நான் பார்வையாளர் வரிசையில் கத்திய கத்தலில் தொண்டை கட்டி, இரண்டு நாள் வாடிக்கையாளர்களிடம் சைகையில் பேசினேன். வாயைத் திற, மூடு என்பதற்கு சைகையே போதும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது, அரையாண்டு. இயற்பியலில் அறுபத்தாறு.

தெரியும், நீ எழுபது என்றாய். ஆனால் எப்படி வாங்கினாள் என்று கேள். பல்செட்டுகளையெல்லாம் திரும்பவும் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். அவைதான் வகுப்பாம், இவள் டீச்சராம். மின்னோட்டம், காந்தப் புலம் எல்லாவற்றையும் அவற்றுக்கு நடத்துகிறாள். "புரிஞ்சுதா? எல்லாரும் சிரிக்கிறீங்க, அப்ப புரிஞ்சுடுச்சு," என்கிறாள். எனக்கே பாதி புரிய ஆரம்பித்துவிட்டது. டிரைவர் புதுப் பல்லோடு வந்து சுவரில் இருந்த ஷீட்டைப் பார்த்தார். தாமதம், தூக்கம், கிறுக்கல், நடுவில் 'சும்மா இருந்தேன்' என்று நாலு இடம். "இப்பத்தாம்மா வண்டி ஓடுது," என்றார்.

நாலு மதிப்பெண் குறைவு. வந்து கூட்டிக்கொண்டு போகப் போகிறாயா? அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். படிக்காததுபோல நடிக்கிறாள்.

அக்கா


டிசம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

அவளிடம் இதை அப்படியே படித்துக் காட்டு. எங்கள் டிப்போ விதிப்படி நாலு நிமிஷம் வரை தாமதம் என்று எழுதுவதில்லை. ஐந்திலிருந்துதான் தாமதம். அறுபத்தாறு சரியான நேரம்.

டுடோரியலில் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் தம்பி


மார்ச் 14

அக்கா,

இன்று அவளுக்கு இயற்பியல் பரீட்சை. என் ஷீட்டை அனுப்புகிறேன். பொய் இல்லை.

9.00 ஆபீஸ்: 8.10க்கே வந்துவிட்டேன்.

10.00 பரீட்சை தொடக்கம்: கடிகாரத்தைப் பார்த்தேன்.

10.00 முதல் 11.15 வரை: அதையே பார்த்தேன். பதினேழாம் தடத்துக்கு நேரம் போட்டேன். அந்த வண்டி கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவதாக இருந்தது. அழித்தேன்.

1.00 பரீட்சை முடிவு: 1.04க்கு அவள் கூப்பிட்டாள். "பரவாயில்லைப்பா" என்றாள். பசிக்கிறது என்று வைத்துவிட்டாள்.

1.06 முதல் 1.18 வரை: அட்டவணையில் இடமில்லாத வேலை. பன்னிரண்டு நிமிஷம்.

உன் தம்பி


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

இயற்பியலில் எழுபத்தொன்பது என்று இதுவரை எத்தனை பேரிடம் சொன்னாய்? நான் டாக்டர், டிரைவர், தபால்காரர் என்று பதினோரு பேரிடம் சொன்னேன். அதில் மூன்று பேருக்கு அப்போது வாயில் மெழுகு இருந்தது, தலையை மட்டும் ஆட்டினார்கள்.

அவளை உன்னிடம் அனுப்பி எட்டு நாள் ஆகிறது. முன்னறையில் மேஜை அப்படியே இருக்கிறது. எடுத்துவிட்டால் இரண்டு வாடிக்கையாளர் கூடுதலாக உட்காரலாம். எடுக்க மனம் வரவில்லை. பரணிலிருந்து சாமான் எடுக்கத் திரும்பவும் ஸ்டூல் போடுகிறேன். அழுதாயா என்று கேட்காதே. அழுதேன்.

நேற்றுத்தான் கவனித்தேன். சுவரில் கடைசி ஷீட்டை அவள் கழற்றவில்லை. எல்லா வரியையும் அடித்துவிட்டு, ஒன்றை மட்டும் புதிதாக எழுதி வைத்திருக்கிறாள். 'ஞாயிறு 6.00, அத்தைக்குப் போன்.' வலது பக்கம் காலி. அதை நிரப்ப வேண்டியது நான்தான் போலிருக்கிறது.

நேற்று ஞாயிறு. ஐந்தே முக்காலுக்கே கையில் இருந்த பிளாஸ்டரைக் கழுவிவிட்டுப் புதுப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு ஆனது. வரவில்லை. ஆறு ஐந்து ஆனது. என் தம்பி பெண்தானே, வேறு எப்படி இருப்பாள் என்று உன்னைத்தான் மனசுக்குள் திட்டினேன்.

பிறகு எழுந்து போய் ஷீட்டில் எழுதினேன். நீயும் பார்த்துக்கொள் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

6.00 அத்தைக்குப் போன்: 6.07க்கு வந்தது. 7.15 வரை பேசினோம்.

அக்கா